அரிசியில் இருநூறு

இளம்பரிதி ஈரத்தோடு எதையும் நிறுக்க மாட்டார். முதலில் அது தொழிலாக இருந்தது, நாளடைவில் குணமாகிவிட்டது. நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பட்டியல் எழுத்தர். குவியலுக்குள் கையை விட்டுத் துழாவி, நாலு மணியை எடுத்து வாயில் போட்டுக் கடிப்பார். "பத்தொன்பது" என்பார். பிறகு ஈரப்பதக் கருவியை வைத்துப் பார்த்தால் அதுவும் பத்தொன்பது என்றுதான் காட்டும். கருவியே அவரிடம்தான் படித்தது என்று விவசாயிகள் சொல்லிக்கொள்வார்கள். பதினேழு சதவீதத்தைத் தாண்டிய நெல்லைத் திரும்பக் களத்தில் கொட்டிக் காயவைக்கச் சொல்லிவிடுவார். யாராவது முணுமுணுத்தால், "தண்ணியை நிறுத்து வாங்குறதுக்கு நான் எதுக்குங்க? அதுக்குத்தான் ஆறு இருக்கே" என்பார்.

பெயர் அப்பா வைத்தது. பண்ணையில் நெல்லைக் கூலியாக வாங்கிய மனிதர், கூட்டங்களில் கேட்ட தமிழை வீட்டுக்குக் கொண்டுவந்து மகனை இளஞ்சூரியன் என்றும் மகளைப் பூங்கொடி என்றும் பொருள்பட அழைத்தார். மகனின் ஐம்பத்தோராம் வயதில் சூரியன் தொண்ணூற்று நான்கு கிலோ இருந்தது. கொடி, அதாவது தங்கை மலர்க்கொடி, தஞ்சாவூரில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் படுக்கையில் முப்பத்தொன்பது கிலோவாகக் கிடந்தது.

எடை கூடியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அளந்து போட்ட சோற்றில் வளர்ந்தவர் அவர். உத்தியோகம் கிடைத்த நாளிலிருந்து பஞ்சப்படி, பயணப்படியைப் போல வயிறு நிறைவதையும் தனக்குச் சேரவேண்டிய ஒரு படியாகவே எடுத்துக்கொண்டார். அதில் ஒரு நாளும் நிலுவை வைத்ததில்லை.

மலர்க்கொடியின் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கணவர் அறிவுச்செல்வனுக்குச் சர்க்கரை, கொடுக்க முடியாது. பிள்ளைகளிடம் வாங்க மாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். அண்ணனுக்கு ரத்தம் பொருந்தியது, சிறுநீரகம் பொருந்தியது. எடைதான் பொருந்தவில்லை. "எண்பத்திரண்டுக்கு வாங்க, தேதி குறிச்சிடலாம்" என்றார் மருத்துவர். பன்னிரண்டு கிலோ. ஒரு உயிருக்கு இது மலிவுதான் என்று இளம்பரிதிக்குத் தோன்றியது.

முதலில் தானே ஒரு கணக்குப் போட்டார். ஒரு நாளைக்கு எண்ணூறு கலோரி. பத்து நாளில் மூன்று கிலோ இறங்கிற்று. பதினோராம் நாள் மனைவி பூவிழியின் ஒன்றுவிட்ட தம்பிக்குத் திருவாரூரில் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்தவர் மூன்றாவது பந்திக்கு இலை போடும்போதுதான் எழுந்தார். ஒரு வாரத்தில் மூன்று கிலோவும் வீடு திரும்பிவிட்டது.

அதன் பிறகுதான் மருத்துவமனையில் ஷமீராவிடம் அனுப்பினார்கள். உணவு ஆலோசகர், நாகூர்ப் பக்கத்துப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும்.

"எண்ணூறு யார் சார் சொன்னாங்க?"

"நானேதாம்மா. பாதியா குறைச்சா பாதி நாள்ல முடிஞ்சிடுமேன்னு."

"பத்து நாள் பட்டினி கிடந்தா பதினோராம் நாள் உடம்பு பந்தியைத் தேடும் சார். அது உங்க தப்பு இல்ல, கணக்கோட தப்பு. அதோட, அந்த மூணு கிலோவில கொழுப்பு கொஞ்சம்தான். முக்கால்வாசி தண்ணி."

"ஈரம்" என்றார் இளம்பரிதி.

"ஆமா சார், ஈரம்."

அந்த நொடியில் அவருக்கு அவள்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை வந்துவிட்டது.

"ஆயிரத்து அறுநூறு வச்சுக்குவோம். வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினா போதும். ஆறு மாசம் ஆகும். தராசு ஒண்ணு வாங்கிக்கங்க, எல்லாத்தையும் நிறுத்துச் சாப்பிடுங்க. பசியோட படுக்கக் கூடாது. பந்தியில விழவும் கூடாது."

கணினி அச்சடித்துத் தந்த ஆங்கிலத் தாளைக் கையில் கொடுத்தாள். மதியம் ரைஸ் இருநூறு கிராம், இரவு ரைஸ் இருநூறு கிராம், மற்றவை கீழே. கைப்பேசியில் ஒரு செயலியும் ஏற்றிக் கொடுத்தாள். அதில் ரைஸ் நூறு கிராமுக்கு நூற்று முப்பது கலோரி என்று போட்டிருந்தது.

வீட்டில் தராசைப் பார்த்த பூவிழி, "சோத்தை நிறுத்தச் சொன்னாங்களா, நிறுக்கச் சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"நிறுக்க."

"அதானே பார்த்தேன். நிறுத்தியிருந்தா இந்த முகத்துல இவ்வளவு வெளிச்சம் இருக்காதே."

இளம்பரிதி தராசைச் சமையல் மேடையில் வைத்து, நீர்மட்டம் பார்ப்பவரைப் போலக் குனிந்து சரிபார்த்தார். பிறகு அரிசிப் பானையைத் திறந்து, பொன்னி அரிசி இருநூறு கிராம், ஒரு மணி கூடாமல் குறையாமல் நிறுத்து எடுத்தார். அவருக்கென்று தனியாக ஒரு சின்னக் குக்கர் வந்தது. வெந்த சோற்றைத் தராசில் வைக்கும் எண்ணம் அவருக்கு ஒரு நாளும் வரவில்லை. வெந்த சோறு என்பது மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். இருபத்திரண்டு வருடம் ஈரத்தைத் திருப்பி அனுப்பியவர், சொந்தத் தட்டில் அதை நிறுப்பாரா?

ஐந்து மாதம். செயலியில் ஒரு வேளைகூட விடுபடவில்லை. கருவேப்பிலையைக்கூடப் பதிவு செய்ய முயன்றார். டீயில் சர்க்கரை போயிற்று, வடை போயிற்று, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி ஐம்பது கிராமுக்குச் சுருங்கிற்று. இலக்கு ஆயிரத்து அறுநூறு என்றால், செயலி ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டில் பச்சை காட்டும்.

"நல்ல கணக்கும்மா. பசியே தெரியலை" என்றார் ஷமீராவிடம்.

"அதான் சார் சரியான இலக்கு" என்றாள் அவள். பிறகு எடைக்கருவியைப் பார்த்தாள். தொண்ணூற்று மூன்றரை. அடுத்த மாதம் தொண்ணூற்று நான்கு. அதற்கடுத்த மாதம் மறுபடியும் தொண்ணூற்று மூன்றரை.

"இடையில ஏதாவது சாப்பிடுறீங்களா சார்?"

"பச்சைத் தண்ணிம்மா."

அவள் தலையாட்டினாள். அது நம்பிய தலையாட்டல் இல்லை. களத்தில் எத்தனையோ பேர் "நல்லா காஞ்சிடுச்சு சார்" என்று சொன்னபோது தானும் அப்படித்தான் தலையாட்டியிருக்கிறோம் என்பது அவருக்கு நினைவு வந்தது. பல்லில் கடித்துப் பார்க்க முடியாத ஒரு விஷயத்தில் தன் சொல்லை யார் ஏற்பார்கள் என்று முதல் முறையாகக் கொஞ்சம் பயந்தார்.

பயம் வீண்போகவில்லை. அறிவுச்செல்வன் ஆசிரியர், யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார், உயர்த்தாமலே அடிப்பார். டயாலிசிஸ் அறைக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்:

"மச்சான், உங்களைப் பஸ் ஸ்டாண்டு பரோட்டாக் கடையில பார்த்ததா ஒருத்தர் சொன்னாரு."

"மழைக்கு ஒதுங்கினேன் மாப்ள."

"இருக்கும் இருக்கும். ஆனா ஒண்ணு. கொடுக்க இஷ்டமில்லைன்னா வாயால சொல்லிடலாம். வயித்தால சொல்ல வேண்டியதில்லை."

இளம்பரிதி கைப்பேசியை எடுத்து ஐந்து மாதக் கணக்கையும் காட்டினார். அறிவுச்செல்வன் ஒவ்வொரு பச்சைக் கட்டத்தையும் பொறுமையாகப் பார்த்தார். "கணக்கு ரொம்ப அழகா இருக்கு. காப்பி அடிக்கிற பசங்க நோட்டும் இப்படித்தான் இருக்கும்" என்று திருப்பிக் கொடுத்தார்.

மலர்க்கொடி எதுவும் கேட்கவில்லை. ஊசி குத்திய கையை அசைக்காமல், "நீ சாப்பிடுண்ணே. எனக்காகப் பட்டினி கிடக்காதே" என்றாள். முதல் மாதத்திலும் இதையேதான் சொன்னாள். அப்போது அது பாசம். இப்போதும் அதே சொற்கள்தான். ஆனால் அவரை விடுதலை செய்து அனுப்புகிற தொனி அதில் ஏறியிருந்தது.

ஆடி மாதம் ஷமீரா ஒரு யோசனை சொன்னாள். நாளைய மதியச் சாப்பாட்டை அப்படியே கட்டிக்கொண்டு வாருங்கள், நான் பார்க்கிறேன். மறுநாள் மேசைமேல் அவர் தூக்குவாளியைத் திறந்தார். சோறு மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது.

"இது எத்தனை பேருக்கு சார்?"

"எனக்குத்தாம்மா. நீங்க சொன்ன இருநூறு."

அவள் சோற்றைத் தன் தராசில் வைத்தாள். ஐந்நூற்றுத் தொண்ணூறு.

"இருநூறுன்னீங்களே?"

"அரிசியில இருநூறு."

"சார், நான் சோத்தைச் சொன்னேன்" என்றாள் ஷமீரா.

"நீங்க ரைஸ்னு எழுதியிருக்கீங்க."

"ரைஸ்னா சோறுதானே சார்?"

"ரைஸ்னா அரிசிதானேம்மா?"

இரண்டு பேரும் சொன்னது சரிதான். இந்த ஊரில் பயிராக நிற்பதற்கு ஒரு பெயர், அறுத்து அடித்தால் நெல், குத்தினால் அரிசி, பொங்கினால் சோறு, நீர் ஊற்றிவைத்தால் பழையது. ஆளுக்கு ஆள் உறவுமுறை வைத்துக் கூப்பிடுவதைப் போல ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அத்தனையையும் ஒரே சொல்லில் அடைத்துவைத்த ஒரு மொழியில் தாள் அச்சாகி வந்தது. செயலி சொன்ன நூற்று முப்பது, நூறு கிராம் சோற்றுக்கு. நூறு கிராம் அரிசிக்கு முந்நூற்றைம்பது. ஷமீரா தாளின் ஓரத்தில் கூட்டிப் பார்த்தாள். ஆயிரத்து அறுநூறு என்று நினைத்து அவர் தினமும் தின்றது ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு. எடை ஏறாமல் நின்றதே அவருடைய ஒழுக்கத்துக்குக் கிடைத்த சான்றிதழ்.

"நான் வாயாலயும் சொல்லியிருக்கணும் சார். ஆனா இதைப் போய் உங்களுக்குச் சொல்லணுமான்னு..." என்று நிறுத்திக்கொண்டாள்.

அன்று மாலையே தங்கை வீட்டுக்குப் போனார். தாள், தராசு, குக்கர், ஐந்நூற்றுத் தொண்ணூறு, ஒன்று விடாமல் சொன்னார். மலர்க்கொடி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். எத்தனையோ மாதமாகக் காணாத சிரிப்பு. மூச்சு வாங்கும்வரை சிரித்தாள்.

"அண்ணே, பொய் சொல்றதுன்னா கொஞ்சமாவது நம்புற மாதிரி சொல்லேன். வேற ஊர்க்காரன் சொன்னாலும் பரவாயில்லை. நீ தஞ்சாவூர் ஜில்லாக்காரன். பல்லுல கடிச்சே ஈரம் சொல்றவன். உனக்கு அரிசிக்கும் சோத்துக்கும் வித்தியாசம் தெரியலையாக்கும்?"

"வித்தியாசம் தெரிஞ்சதாலதான் புள்ள தப்பாச்சு."

"சரிண்ணே, சரிண்ணே" என்றாள், கண்ணைத் துடைத்தபடி. "விடு. நான் ஒண்ணும் நினைக்கலை."

உண்மையைச் சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொண்டு திரும்புவது எப்படி இருக்கும் என்று அன்று அவருக்குத் தெரிந்தது.

மறுநாளிலிருந்து சோற்றில் இருநூறு. தட்டின் நடுவில் அது ஒரு குட்டித் திட்டுபோலக் கிடந்தது. காயும் பருப்பும் கூட்டிக்கொள்ளச் சொன்னாள் ஷமீரா, கூட்டிக்கொண்டார். முதல் வாரம் பசி இருந்தது. பிறகு அது பழகிய விருந்தாளியைப் போல நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போயிற்று. வாரத்துக்கு அரைக் கிலோ. அவள் முதல் நாள் சொன்ன கணக்கு அப்படியே, பிசகாமல் நடந்தது. ஐப்பசியில் எண்பத்தெட்டு.

அந்த ஐப்பசியில்தான் மலர்க்கொடிக்கு மூச்சுத் திணறி, இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் வைத்தார்கள். இதயம் தளர்ந்துவிட்டது, மயக்க மருந்து கொடுத்தால் தாங்காது, இனி மாற்று அறுவைக்கு வழியில்லை என்றார் மருத்துவர். டயாலிசிஸ் ஓடும் மட்டும் ஓடட்டும். அந்த ஐந்து மாதம் வீணாகாமல் இருந்திருந்தால் ஒருவேளை எனக் கேட்க இளம்பரிதி வாயெடுத்தார், கேட்கவில்லை. பதில் ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் அதை வைத்துக்கொள்ள அவரிடம் இடம் இல்லை.

"இனிமே எதுக்குங்க இது?" என்றாள் பூவிழி, தராசைக் காட்டி.

அவர் விடவில்லை. யாருக்கும் வேண்டாத எண்பத்திரண்டை நோக்கி வாரம் அரைக் கிலோவாக இறங்கிக்கொண்டிருந்தார். எட்டிப் பிடித்துவிட்டால் ஏதோ ஒன்று நிரூபணமாகிவிடும் என்ற நினைப்பு. நிரூபணமாகத்தான் செய்தது. மார்கழியில் சட்டை தொளதொளத்தது. அப்போதுதான் சொந்தக்காரர்கள் கவனித்தார்கள். ஆடியிலிருந்து இறங்குவது அவர்களுக்குத் தெரியாது.

"பார்த்தீங்களா மச்சான்?" என்றார் அறிவுச்செல்வன், வழக்கம்போல மெதுவாக. "ஆபரேஷன் இல்லைன்னு சொன்னதும் எடை தானா இறங்குது."

தை பிறந்து இரண்டாம் வாரம் எடைக்கருவி எண்பத்திரண்டு காட்டிற்று. அன்று டயாலிசிஸ் முறை. அறிவுச்செல்வனுக்குப் பள்ளியில் ஆய்வு என்பதால் இளம்பரிதி தங்கையை அழைத்துப்போனார். படுக்கைக்குப் போகும் முன் அவளை நிறுத்தார்கள். முடிந்ததும் மறுபடியும் நிறுப்பார்கள். இடையில் போவது முழுக்கத் தண்ணீர். ஈரம் நீக்கிய எடையைத்தான் அங்கே எடை என்று ஒப்புக்கொள்கிறார்கள். உலகத்தில் தன்னைப் போலவே நிறுக்கிற ஒரு இடம் இருக்கிறது என்பதில் அவருக்குத் துளியும் மகிழ்ச்சி இல்லை.

"சார், செமையா இளைச்சுட்டீங்களே! என்ன டயட்டு, சொல்லுங்க" என்றாள் நர்ஸ்.

"சோறு குறைச்சேன்."

மலர்க்கொடி கண்ணால் பையைக் காட்டினாள். உள்ளே ஒரு தூக்கு. "வீட்ல நானே உட்கார்ந்து பிசைஞ்சேன். தயிர்சாதம். எடுத்துச் சாப்பிடு."

தூக்கைத் திறந்தார். நிறுத்துப் பழகிய கண், நிறுக்க வேண்டியிருக்கவில்லை. ஐந்நூறு கிராம், சோற்றில்.

"வேணாம் புள்ள. நான் மதியம்..."

"சாப்பிடுண்ணே. இன்னும் யாருக்காக வயித்தைக் கட்டுறே? எனக்கு உன்மேல ஒரு வருத்தமும் இல்லை. பயம் யாருக்குத்தான் இருக்காது? நான்னாலும் பயந்திருப்பேன்."

மறுத்தால், அவள் மன்னித்ததை மறுப்பதாகும். சாப்பிட்டால், அவள் மன்னித்த குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். அவளுடைய கையிலிருந்து கிளம்பிய ரத்தம் குழாயில் சுற்றி, சுத்தமாகி, திரும்ப அவளிடமே போய்க்கொண்டிருந்தது. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டார். முதல் கவளத்திலேயே தெரிந்தது, சோற்றில் உப்பு இல்லை. அந்த வீட்டுச் சமையலில் அவளுக்காக உப்பு போய் இரண்டு வருடம் ஆகிறது; அண்ணனுக்குப் பிசையும்போது போடவேண்டும் என்ற நினைவே அவளுக்கு வந்திருக்காது. தூக்கின் அடிவரை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்று முடித்தார்.

"உப்பு சரியா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"சரியா இருந்துச்சு."

அதை அவள் உடனே நம்பினாள்.