அண்ணா நகர் விலாசம்

நேர்முகத்துக்கு வருகிறவர்களைப் பார்த்ததுமே சொல்லிவிடுவேன், இந்த ஆள் எத்தனை நாள் தாங்குவான் என்று. இருபது வருஷமாக ஆள் எடுக்கிற வேலை பார்த்ததில் எனக்குக் கைவந்தது அது ஒன்றுதான். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே படியேறினால் ஒரு மாதம். "இங்க எப்பவுமே இவ்ளோ லாரி நிக்குமா மேடம்?" என்று கேட்டால் மூன்று மாதம். ஒன்றுமே கேட்காமல் சிரித்துக்கொண்டு கைகுலுக்கிவிட்டுப் போகிறவர்கள் வேலைக்குச் சேரவே மாட்டார்கள், போனையும் எடுக்க மாட்டார்கள்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் கிடங்கின் மாடியில் எங்கள் அலுவலகம். எந்தப் பெட்டியைக் கப்பலில் எங்கே அடுக்குவது என்று கம்ப்யூட்டரில் திட்டம் போட்டுத் துறைமுகத்துக்கு அனுப்புகிற வேலை. மூளையைக் கசக்குகிற வேலைதான், சும்மா சொல்லக்கூடாது. காலடிப்பேட்டையில் என் வீட்டிலிருந்து அங்கே நடந்தால் பதினைந்து நிமிஷம். அந்தப் பதினைந்து நிமிஷத்தை நம்பித்தான் என் குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது. என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை வராமல் போய் நான்கு வருஷம். மத்தியானம் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய், சோற்றைப் பிசைந்து இடது கைப்பக்கம் வைத்துவிட்டு, மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடிவருவேன். இதில் தியாகம் கியாகம் ஒன்றும் இல்லை. வேறு வழியில்லை, அவ்வளவுதான்.

போன சித்திரையில் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அது தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலையில். போய்ச் சேரவே இரண்டரை மணி நேரம் ஆயிற்று. மெட்ரோவில் ஒரு பாதி, பஸ்ஸில் மறுபாதி. எங்கள் மேலாளர் ஒரு படக்காட்சி வைத்திருந்தார். ஒரு நகரம் திறமைசாலிகளை எப்படி இழுக்கிறது என்று தலைப்பு. மரங்கள், சைக்கிள் பாதை, காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு காரணமே இல்லாமல் சிரிக்கிற பெண்பிள்ளைகள். திறமை இருக்கிறவன் முதலில் வாழ்கிற இடத்தைத்தான் பார்க்கிறானாம், வேலை அப்புறம்தானாம். எனக்குப் பசி. காலையில் தின்ற இட்லி எப்போதோ கரைந்துவிட்டது.

கடைசியில் விஷயத்துக்கு வந்தார். "உங்க ஆபீஸ்ல ஆறு சீட் காலியாவே இருக்கு. தீபாவளிக்குள்ள நிரப்பிக் காட்டுங்க. அவங்க நின்னாங்கன்னா ஆபீஸ் அங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா மொத்தத்தையும் இங்க கொண்டுவந்துடறதுதான் நல்லது."

அவர் கெட்டவர் இல்லை. என் கணவரைப் பற்றி விசாரிக்காமல் ஒரு நாளும் பேச்சை ஆரம்பிக்கமாட்டார். ஆனால் அலுவலகம் தெற்கே போனால் போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. மத்தியானச் சோற்றை யார் பிசைவது? இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இரக்கப்படுவார், அதை வேறு தாங்கவேண்டும்.

திரும்பி வந்து வேலையை ஆரம்பித்தேன். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஆட்கள் எல்லாரும் தெற்குப் பக்கம், வேளச்சேரி, தாம்பரம், மேடவாக்கம். ஒருத்தன் வெள்ளைச் சட்டை போட்டு வந்தான். சாயங்காலம் காலரில் நிலக்கரித் தூளைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுநாள் வரவில்லை. இன்னொரு பெண் கெட்டிக்காரி, ஒரே வாரத்தில் மொத்த வேலையையும் பிடித்துக்கொண்டாள். மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து காற்றில் கெட்ட வாடை அடித்த அன்று வாந்தி எடுத்தாள், அதோடு சரி. இரண்டு மாதம் தாக்குப்பிடித்த பையன் ஒருவன் இருந்தான். அவனுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளைக்கு எங்கே வேலை என்று கேட்டுவிட்டுப் பெண் வீட்டார் யோசிக்கிறோம் என்றார்களாம். அவன் வேலையை விட்டுவிட்டான், கல்யாணம் நடந்தது. மெட்ரோ வந்தால் எல்லாம் மாறிவிடும் என்றார்கள். வந்தது. வீட்டு வாடகைதான் மாறியது.

போதும்டா சாமி என்று ஆகிவிட்டது. இனிமேல் பக்கத்து ஆள்தான் என்று முடிவு செய்தேன். நடந்து வருகிறவன் லாரியைப் பார்த்து ஓடமாட்டான், வாடைக்கு வாந்தி எடுக்கமாட்டான். யாரும் சொல்லித் தரவில்லை, என் சொந்த யோசனைதான். பெருமையாகக்கூட இருந்தது. வந்து குவிகிற விண்ணப்பங்களில் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று விலாசம் போட்டவற்றை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் பிரித்தே பார்க்காமல் தள்ளினேன். கம்ப்யூட்டரில் பின்கோடைக் கொடுத்தால் அதுவே தள்ளிவிடும், எனக்கு அந்தச் சிரமம்கூட இல்லை.

மிஞ்சியது ஒன்பது. அதில் தேறியது ஒன்று.

ஐப்பசி பிறந்ததும் மேலாளருக்கு அறிக்கை எழுதினேன். இந்தப் பகுதியில் தகுதியுள்ள பட்டதாரிகள் கிடைப்பதில்லை என்று ஒரு வரி. எழுதும்போது எனக்கே சங்கடமாகத்தான் இருந்தது. எங்கள் தெருவில் விடிந்தால் எத்தனை பிள்ளைகள் லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெட்ரோவுக்கு ஓடுகின்றன என்று தினமும் பார்க்கிறவள் நான். இருந்தும் எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். தீபாவளி முடிந்த வாரமே தெற்கே இடம் பேசி முடித்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை. கணவரின் மருத்துவச் சீட்டை ஜெராக்ஸ் எடுக்க எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தேன். அந்தக் கடைக்கார அண்ணனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். சுற்று வட்டாரத்தில் யாருக்கு வேலைக்கு விண்ணப்பம் தயார் செய்யவேண்டும் என்றாலும் அவரிடம்தான் வருவார்கள்.

"இன்னாம்மா, உங்க ஆபீஸு தெக்கால போகுதாமே?" என்றார்.

"ஆமாண்ணா. ஆளு கெடைக்கல."

அவர் மிஷினிலிருந்து நிமிர்ந்தார். "ஆளு கெடைக்கலியா? உங்க ஆபீஸுக்கு மட்டும் எத்தினி பேருக்கு நான் ரெஸ்யூம் அடிச்சுக் குடுத்துக்கீறேன் தெரியுமா? ஒருத்தரையும் கூப்புடல. பெரிய எடம் போலக் கீது, நம்ம புள்ளைங்க ஒத்துவர்ல போலன்னு வுட்டுட்டேன்."

"நம்ம பக்கத்து விலாசம் போட்டு வந்ததே ஒம்போதுதாண்ணா."

"நம்ம பக்கத்து விலாசம் போட்டா எவன் கூப்புடுவான்?" அவருக்கு என் மேல் நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "எல்லாத்துக்கும் அண்ணா நகர்தான் போடுவேன். என் மச்சான் வூடு. லெட்டர் வந்தா அவன் போன் பண்ணிச் சொல்லிடுவான். எத்தினி வருசமா இப்டித்தான் ஓடிகினு கீது. உனுக்குத் தெரியாதா இன்னா?"

எனக்குத் தெரியாதா? என் முதல் வேலைக்கு நான் எழுதிக்கொடுத்தது பெரம்பூரில் இருந்த மாமா வீட்டு விலாசம். என் அப்பாதான் அப்படி எழுதச் சொன்னார். திருவொற்றியூர் என்று எழுதினால் ரவுடி, குப்பம், கலீஜ் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றார். பெரம்பூர் என்றால் ரயில்வேக் குடும்பம் என்று நினைப்பார்களாம். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பிள்ளைகள் அப்போதே இன்னும் தூரத்து விலாசமாகத் தேடிக்கொண்டார்கள். அந்த மாமா வீட்டு விலாசத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் சுத்தமாக மறந்துவிட்டேன். இதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மச்சான் வீட்டுக் கதவு எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு, ஜெராக்ஸைக்கூட வாங்காமல் அலுவலகத்துக்கு நடந்தேன். தள்ளிவிட்ட விண்ணப்பங்களைத் திறந்து அந்த அண்ணா நகர் கதவு எண்ணைப் போட்டுத் தேடினேன். வந்துகொண்டே இருந்தது. இரண்டு அறை உள்ள ஒரு வீட்டில் எங்கள் தெருப் பிள்ளைகள் பாதிப் பேர் குடியிருந்தார்கள். எஞ்ஜினியரிங் படித்தவர்கள், கணக்கில் முதுகலை முடித்தவர்கள், கப்பல் சரக்குப் படிப்பே படித்தவர்கள் இரண்டு பேர். ஆறு சீட்டா? அறுபது சீட்டை நிரப்பியிருக்கலாம்.

உடனே மேலாளருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பு என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அடடா, இது தெரியாமப்போச்சே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். அப்புறம், "இங்க ஒப்பந்தம் போட்டாச்சும்மா. இனிமே ஒண்ணும் பண்ணமுடியாது. நல்ல ஆளுங்களா இருந்தா அவங்களையும் இங்க வரச்சொல்லுங்க, எடுத்துக்கலாம்" என்றார்.

அந்த மாடியிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக்குப் போகிற ட்ரெய்லர் வரிசை தெரியும். ஊருக்கு வருகிற சாமானில் பாதிக்குமேல் எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறது. தூசியும் வாடையும் எங்களுக்கு, மரமும் சைக்கிள் பாதையும் அவர்களுக்கு. சரி, அது பழகிப்போனதுதான். படித்து முடித்த பிள்ளைகளையும் அதே ரோட்டில் ஏற்றி அனுப்பி வைத்தது நான். ஆத்திரம்கூட வரவில்லை. உடம்பெல்லாம் அசதியாக இருந்தது, அங்கேயே மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

அப்பா பெயரைப் பார்த்ததும், கப்பல் சரக்கு படித்தவர்களில் ஒருத்தி எங்கள் பின்தெருப் பெண் என்று தெரிந்தது. அப்பா ட்ரெய்லர் ஓட்டுகிறவர். விண்ணப்பம் அனுப்பி மூன்று மாதம் ஆகியிருந்தது. அன்று சாயங்காலம் அவள் எண்ணுக்குப் போன் போட்டு நான் யார் என்று சொன்னேன்.

"தெரியும்க்கா. மத்தியானத்துல தெனமும் வேகமா வூட்டுக்குப் போவீங்களே, நீங்கதானே" என்றாள்.

"நேர்ல வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"அம்மாவும் அதத்தான் சொல்லிகினே இருந்துச்சு. சிபாரிசுக்கு வந்துட்டேன்னு நெனைச்சுடுவீங்களோன்னு வரலக்கா."

எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். துரைப்பாக்கத்தில் ஹாஸ்டல் என்றாள். வேறு ஏதோ கம்பெனியில் போன மாதம்தான் சேர்ந்திருக்கிறாள். படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத வேலை, நாளெல்லாம் போனில் பேசவேண்டுமாம். வேலையும் பிடிக்கவில்லை, சாப்பாடும் பிடிக்கவில்லை என்றாள்.

"அந்த வேலை இன்னும் இருக்குதாக்கா?" என்று கேட்டாள். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"இருக்கும்மா. உனக்கே தர்றேன். ஆனா இங்க இல்ல. ஆபீஸு இப்ப நீ இருக்கிற எடத்துக்கே வருது."

போனில், அவளுக்குப் பின்னால் யாரோ பக்கெட்டை இழுக்கிற சத்தம் கேட்டது.

"வூட்டாண்ட கீதுன்னுதானேக்கா நான் போட்டேன்," என்றாள். "சரி, இன்னா பண்றது. வர்றேன். நீங்களும் வருவீங்கதானே? எனக்கு அங்க யாரையும் தெரியாது."

நான் வரமுடியாது என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. மத்தியானத்தில் நான் எதற்காக ஓடுகிறேன் என்று எங்கள் தெருக்களில் எல்லாருக்கும் தெரியும். திங்கட்கிழமை அவளுக்கு வேலை உத்தரவைத் தயார் செய்தேன். அதை அனுப்பியபிறகு, அதே கம்ப்யூட்டரில் என் ராஜினாமாவை எழுதினேன்.