மூக்கு போனதைச் சபையில் சொன்னவர்

பழவேற்காட்டு பஸ்ஸின் கண்டக்டர்தான் பொன்னேரியில் என் அலுவலகத்துக்கு வந்து, காதர் பாய் காலையில் இறந்துவிட்டார் என்று சொன்னார். அடக்கத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளிவாசல் தெருவில் கால் வைக்க இடமில்லை.

இருபது வருடங்களுக்கு முன்பு நான் பழவேற்காட்டு மீனவர் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன். அங்கே இறால் ஏலம் கூறியவர் பாய். அவர் கூடையை முகர்ந்து நல்லது என்றால் இறால் வாங்க வரும் கம்பெனிக்காரர்கள் மறுபேச்சின்றி எடுத்துக்கொள்வார்கள். "எறா பொய் சொல்லாது, நாமதான் சொல்லுவோம்" என்பார்.

ஒரு நாள் கன்னியம்மாவின் கூடை திரும்பி வந்தது. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவள் அவள். அடியில் எல்லாம் கெட்டுப்போனது என்று கம்பெனி ஆள் சத்தம் போட்டார். அடியில் இருப்பது நேற்றைய இறால் என்று பாயிடம் முன்பே சொன்னதாக அவள் அழுதாள். யாரும் நம்பவில்லை. இனி அவள் கூடையை ஏலத்தில் சேர்ப்பதில்லை என்று சங்கக் கூட்டத்தில் தலைவர் முடிவு செய்யப்போன நேரத்தில் பாய் எழுந்தார்.

"அவ மேல தப்பு இல்ல. அவ சொன்னா. நான்தான் மோந்து பாத்து நல்லா கீதுன்னு ஏலம் உட்டேன். எம் மூக்கு செத்து மூணு மாசமாச்சி. வீட்ல சோறு தீஞ்சாக்கூட தெரியல. சொல்ல வெக்கப்பட்டுக்கினு இருந்தேன்."

இனி கன்னியம்மா முகர்ந்து சொல்லட்டும், நான் கூவுகிறேன் என்றார். சிலர் முணுமுணுத்தார்கள், அவர் அசையவில்லை. மறுநாள் அவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்றும் அவள் சொல்லாமல் அங்கே ஏலம் தொடங்குவதில்லை.

நாலைந்து வருடத்தில் மறதி வந்தது. கூவிக்கொண்டிருக்கும்போதே கேட்ட விலையை மறந்தார். பிறகு வீட்டுக்குப் போகும் தெருவை. வயதானவர்களில் சிலருக்கு மோப்பம் முன்னால் போய் நினைவு பின்னால் போவதுண்டு, மோப்பம் போன எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை என்று சென்னை டாக்டர் சொன்னாராம். அதை என்னிடம் சொன்ன பாயின் மனைவி கண் கலங்கவில்லை. "மொதல்ல போனத ஊரறிய சொன்னாரு. ரெண்டாவது போனது அவுருக்கே தெரியல" என்றார்.

கடைசி வருடங்களில் என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கு அதில் வருத்தமுண்டு. ஆனால் அவரோடு வேலை செய்தவன் என்று சொல்லிக்கொள்ளும்போது இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

சென்ற வருடம் அலுவலகத்தில் ஒரு மனு காணாமல் போனது. தொலைத்தவன் நான், திட்டு வாங்கியவர் பியூன். எல்லோர் முன்பும் எழுந்து, தவறு என்னுடையது என்றேன். பாயிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். என் குரல் நடுங்கியது. அன்று அவர் குரல் நடுங்கவில்லை.