முசல்லா மடிந்த அளவு

இலங்கையின் சாய்ந்தமருதைச் சேர்ந்த ஹில்மிக்கு வெளிநாடொன்றில் வேலை. நிலத்துக்கு அறுநூறு மீற்றர் கீழே, அணுக்கழிவு வைப்பதற்காக உப்புப் பாறையில் குடைந்த அறைகளை அளப்பான். உப்பு மெல்ல நகர்ந்து அறைகளை நெருக்கும். எதிரெதிர்ச் சுவர்களில் அறைந்த ஆணிகளுக்கிடையே வாராவாரம் தனியாக அளவுநாடா பிடிப்பான்.

“அற சுருங்கினத மில்லிமீற்றர்ல சொல்லுறீங்க, வாற நாள மட்டும் சொல்லுறீங்க இல்ல,” என்று மனைவி ஸிஹானா காலையில் தொலைபேசியில் குத்திக்காட்டினாள். “புள்ளைக்கு அஞ்சு வயசு. வாப்பா எண்டா போன் எண்டு நினைச்சிருக்காள்.”

“இன்னும் ரெண்டு வருசம்தானேகா.”

“போன தரமும் இதத்தான் சொன்னீங்க.”

அந்த இரண்டு வருடத்துக்கான ஒப்பந்தம் சட்டைப்பையில் இருந்தது. இன்றே கையெழுத்திட வேண்டும்.

நண்பகலில் ளுஹர் தொழ, சுரங்கத்துக்குள்ளேயே வழமையான ஒடுங்கிய பாதையில் தொழுகை விரிப்பான முசல்லாவை விரித்தான். வந்த புதிதில் அது சுவருக்குச் சுவர் சரியாகப் பொருந்தியது. பிறகு ஓரம் மடியத் தொடங்கியபோது, விரித்த விதம் பிழையென்று தினமும் இழுத்துவிட்டான். அறையெல்லாம் அளப்பவன் இந்தப் பாதையை அளக்கவில்லை. இன்று மடிப்பில் கை வைத்தான். நான்கு விரல் அகலம்; அவன் வந்த பிறகு சுவர்கள் அவ்வளவு நெருங்கியிருந்தன.

தொழுதுவிட்டு மேலே வந்து, ஒப்பந்தத்தைக் கையெழுத்திடாமலே திருப்பிக் கொடுத்தான். வீட்டுக்கு அழைத்தபோது மகள் எடுத்தாள்.

“ஆரு கதைக்கிற?”

“வாப்பா மகள். வாற நாளச் சொல்லத்தான் எடுத்தன்,” என்றான்.