யாழினியின் சோத்துக்கை

போன ஞாயிறு மதியம் என் மகள் எனக்கு ஊட்டிவிட்டாள். அவளுக்கு எட்டு மாதம்தான் ஆகிறது!

நெகிழ்ந்து போயிருப்பேன் என்று நினைப்பீர்கள். நெகிழ்ந்தேன்தான். ஆனால், எதிரில் இருந்த என் மனைவி கோமதியின் முகம் வாடிவிட்டதே... ஏன்?

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். யாழினிக்கு ஆறு மாதம் முடிந்ததும், "இனி யாரும் ஊட்ட வேண்டாம். அவளே எடுத்துச் சாப்பிடட்டும்" என்றாள் கோமதி. டாக்டரம்மாவிடமும் கேட்டுவிட்டாள். கேரட், பூசணி, நேந்திரம் பழம் எல்லாம் குழைய வேகவைத்து, விரல் நீளத்துக்கு நறுக்கி முன்னால் வைப்பது. பிள்ளை எடுக்கும், கடிக்கும், துப்பும். நாம் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டால் போதும்.

சும்மா பார்த்துக்கொண்டிருப்பது... அது லேசுப்பட்ட வேலையா? முதல் நாளே பூசணித் துண்டை வாயில் போட்டு ஓங்கரித்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. "அவளே வெளிய தள்ளிருவா, வாய்க்குள்ள விரலை விட்டுராதீங்க" என்றாள் கோமதி. தள்ளினாள். சிரிக்கவும் செய்தாள். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குக் கூடாது? எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அப்போதுதான் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து என் அக்கா உதவிக்கு வந்தாள். "ஏலே, பச்சப்பிள்ளை முன்னால காயை வச்சிட்டு வேடிக்கை பாக்கியளே, இது என்ன கூத்து?" என்றாள்.

ஆனாலும் அக்கா ஊட்டவில்லை. ஒரே ஒரு திருத்தம்தான் செய்தாள். யாழினி இடது கையால் எடுத்தால், "பீச்சாங்கை ஆகாது மக்கா, சோத்துக்கையில வாங்கு" என்று மெல்லப் பிடுங்கி வலது கையில் கொடுத்தாள். நியாயம்தானே? நானும் அப்படியே செய்தேன். பக்கத்து வீட்டு அண்ணாச்சி வந்தால் அவரும் செய்தார். எந்தக் கையால் சாப்பிடுவது என்பதில் எங்கள் சங்கரன்கோவிலில் இரண்டு கருத்து உண்டா என்ன?

ஆவலாகத் தின்றுகொண்டிருந்தவள், கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குக் கொண்டு போவதையே நிறுத்திவிட்டாள். எடையும் ஏறவில்லை. "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம். இல்லைன்னா ஸ்பூனுக்கு மாறிடுங்க" என்றார் டாக்டரம்மா.

அன்று கோமதி சமையலறையில் நின்று அழுதாள். "நான்தான் பிள்ளையைப் பட்டினி போடுதேனோ?"

காயை மாற்றினோம். தட்டை மாற்றினோம். உட்காரும் நாற்காலியைக்கூட மாற்றிப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் அந்த ஞாயிறு. யாழினி இடது கையால் கேரட்டை எடுத்தாள். நேராக என்னிடம் நீட்டினாள். "அப்பாவுக்கா தங்கம்?" என்று வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். அடுத்த துண்டு அக்காவுக்கு!

கோமதி மெதுவாகச் சொன்னாள். "ஏங்க, அவ பாசத்துல குடுக்கல. எப்படியும் பிடுங்கத்தான் போறீங்க... அதான், பிடுங்குறதுக்கு முன்னாலயே குடுத்துருதா."

வாயில் இருந்த கேரட்டை என்னால் விழுங்க முடியவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அக்கா இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். நானும் கையைக் கட்டிக்கொண்டேன்.

யாழினி இன்னொரு துண்டை எடுத்து நீட்டினாள். யாரும் வாங்கவில்லை. எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். பாவம், அவளுக்கும் குழப்பம்! கடைசியில் வேறு வழியில்லாமல் தன் வாயிலேயே வைத்தாள். கடித்தாள். சப்பி விழுங்கினாள். கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மதினி, அது பீச்சாங்கை..." என்று இழுத்தாள் கோமதி.

"சும்மா இரு. வயித்துக்கா தெரியப்போவுது, எந்தக் கையில வந்துதுன்னு?" என்றாள் அக்கா.

அக்கா தெளிந்துவிட்டாள். நான்? இன்று காலை யாழினி இட்லித் துண்டை இடது கையால் எடுத்தாள். திருத்துவதற்கு என் கை தானாக நீண்டுவிட்டது. பாதி வழியில்தான் கவனித்தேன்...

என் வலது கை முழுக்கச் சாம்பார். நீண்டது இடது கை!