அம்மன் கையில் இருந்த துளை

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து அம்மனின் கையை அடைத்தது நீங்கள்தான், தலைவரே. கோயில் கமிட்டி முடிவு என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். கமிட்டியில் மற்ற மூன்று பேரிடமும் கேட்டுவிட்டேன். மூவரும் உங்களைத்தான் கைகாட்டினார்கள்.

போன வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் பூ வைப்பது எங்கள் வீட்டு முறை. ஏலப்பாறையில் ஓட்டல் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுச் செம்பருத்தியோடு கோயிலுக்கு வந்தேன். அம்மனின் வலது கையைத் தேய்த்து மினுக்கி, முலாம் பூசிய ஒரு தாமரையை அதில் பற்றவைத்திருந்தீர்கள். தண்டில் உபயதாரர் பெயர் வேறு. தினமும் பூ செருகினால் விரல் கறுத்துப்போகிறதாம், பூசாரி சொன்னார். என் பூவை எங்கே வைக்க என்று கேட்டேன். தட்டில் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

அந்தக் கை ஏன் அப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

எனக்கு எட்டு வயதில் இந்த அம்மன் வந்தது. அதுவரை ஒரு கல்தான் இருந்தது. ஊர்வலத்துக்கு ஐம்பொன் சிலை வேண்டும் என்று முடிவெடுத்து, வீடு வீடாகப் பழைய செம்பும் பித்தளையும் வாங்கினார்கள். என் அம்மா கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குடத்தைக் கொடுத்தாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் குடம்தான். அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் தஞ்சாவூர்ப் பக்கம் போய், வார்ப்பு முடியும்வரை இருந்து, சாக்கில் சுற்றிய அம்மனை ஜீப்பில் மலையேற்றிக் கொண்டுவந்தார்கள்.

பார்த்ததை அப்பா ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் மெழுகில் அம்மனைச் செய்தார்களாம். மேலே மண் பூசிச் சுட்டதும் மெழுகு உருகி ஓடிவிட்டதாம். மெழுகு இருந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்தார்களாம். இடது கை யானைத் துதிக்கை மாதிரி தொங்கியது. வலது கையில் கட்டைவிரலும் நடுவிரலும் தொட்டுக்கொண்டு நிற்க, நடுவில் பென்சில் நுழைகிற அளவு ஒரு துளை. வார்ப்பு சரியில்லை, கையில் இருந்த ஏதோ விழுந்துவிட்டது என்று லயத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். அப்பா அதை ஸ்தபதியிடமே கேட்டிருந்தார். “அது பூப் பிடிக்கிற கை. பூவை நாங்க செய்யமாட்டோம். அது தினம் நீங்க குடுக்க வேண்டியது” என்றாராம்.

அப்படித்தான் முறை வந்தது. இருபத்துநான்கு வீடு, நாளைக்கு ஒரு வீட்டுப் பூ.

ஆனி மழையில் எங்கள் முறை வந்த அன்று, காற்றில் எங்கள் செம்பருத்தி வேரோடு சாய்ந்து கிடந்தது. அம்மா மஸ்டரில் பேர் கொடுத்து வேலைக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் யாரையும் கேட்கவில்லை. கோயிலுக்குப் போகிற வழியில் ஓரத்துத் தேயிலைச் செடியிலிருந்து ஒரு கொழுந்தைக் கிள்ளினேன். இரண்டு இலை, ஒரு மொட்டு. அம்மன் கைத்துளையில் செருகினேன். அதற்கென்றே செய்த மாதிரி நின்றது. ஸ்தபதிக்கு நம் மலையைப் பற்றித் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் கோயில் செயலாளர், எஸ்டேட் சூப்பர்வைசர்தான். குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார்.

“ஏட்டி, யாரக் கேட்டுப் பறிச்ச? இது கம்பெனி மொதலு.”

“பூ இல்ல சார்.”

“இல்லன்னா களவாண்டு வச்சிருவியோ? அம்மனையும் களவாணியாக்கப் பாக்கியா?”

கொழுந்தைப் பிடுங்கி வாசல் ஓடையில் எறிந்தார். முதுகில் கூடையோடு அம்மா அப்போதுதான் வந்து நின்றாள். அவள் என்னைத்தான் அடிப்பாள் என்று ஒதுங்கினேன். அவள் ஓடையில் இறங்கி அதை எடுத்தாள், குழாயில் கழுவினாள், திரும்பவும் அம்மன் கையில் வைத்தாள்.

“காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் ஒங்களுக்குத்தான சார் பிச்சுத் தாரேன். அவளுக்கு ஒண்ணு குடுத்தா மலை மொட்டையாயிருமா?”

“வேலை போயிரும், பாத்துக்க.”

“அப்ப எங்கொடத்தத் திருப்பித் தாங்க. இந்த மேனில எது எங்கொடம்னு பாத்து, அதமட்டும் வெட்டிக் குடுங்க சார்.”

பின்னால் யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். சூப்பர்வைசர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கே அம்மாவை மேல்காட்டுச் சரிவுக்கு மாற்றினார்கள். அட்டை அதிகமான இடம். புதுக்காடு பார்க்கப் போகிறாள் என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

மறுநாள் அடுத்த வீட்டு முறை. அவர்கள் வாசலில் டேலியா கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. அவர்கள் கொண்டுவந்தது ஒரு கொழுந்து. அதற்கு மறுநாள் வந்த வீடும் கொழுந்துதான். நான் கண்டுபிடித்ததை எல்லாரும் காப்பியடிக்கிறார்கள் என்று அம்மாவிடம் அழுதேன். அவள் காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, “அடிக்கட்டும்ட்டி, அடிக்கட்டும்” என்று சிரித்தாள். எனக்கு இன்னும் கோபம் வந்தது.

நான்காவது வீடு உங்களுடையது, தலைவரே. சூப்பர்வைசர் கோயில் வாசலிலேயே நின்றார். உங்கள் அம்மா அவரைத் தாண்டி உள்ளே வந்து, உங்களைத் தூக்கிப் பிடித்தார். உங்களுக்கு ஐந்து வயதிருக்கும். கை எட்டவில்லை. இன்னும் உயர்த்தினார். நீங்கள்தான் செருகினீர்கள். நான் தூண் பக்கம் நின்று உங்களை முறைத்தேன்.

இருபத்துநான்கு வீடும் முடிந்து எங்கள் முறை மறுபடி வந்தபோது, அம்மா பழைய காட்டுக்குத் திரும்பியிருந்தாள். யார் வேலையும் போகவில்லை. ஆனால் போயிருக்கலாம். வாசலில் பூவை வைத்துக்கொண்டு இலையோடு வந்தவர்கள் அம்மனுக்கு எதைக் கொடுத்தார்கள் என்று எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் காப்பியடிக்கிறார்கள் என்பதுதான்.

இப்போது தெரிகிறது. உங்களுக்கும் தெரியும். கை கறுத்தது பூவால் அல்ல, இத்தனை வருஷம் அதைத் தொட்ட விரல்களால். அதைத் தேய்த்து மினுக்க உங்களுக்கு யார் சொன்னது?

வருகிற பொதுக்கூட்டத்தில் முதல் வரிசையில் இருப்பேன். மைக்கைப் பிடித்து இருபத்துநான்கு வீட்டுக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள். உங்கள் அம்மா தூக்கிப் பிடித்தபோது அந்தக் கையில் நீங்கள் வைத்தது என்ன? அடுத்த முறை நான் கொண்டுவருவதை எங்கே வைக்க?