கடத்தூர்க் கல்யாணமும் கீர்த்தனாவின் அம்மாவும்

வியாழக்கிழமை மதியம் மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கினேன். கடத்தூர் அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. கண்டக்டர் என் கேமரா பைகளைப் பார்த்து, "கல்யாணத்துக்குங்களா? முன்னாடி வெச்சுக்கோங்க, ஆட்டம் கம்மியா இருக்கும்" என்றார்.

கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். யாரையும் நிற்க வைத்துச் சிரிக்கச் சொல்வதில்லை. நடப்பதை நடக்கிறபடியே எடுப்பேன். மணப்பெண் கீர்த்தனா சென்னையிலிருந்த என்னைத் தேடிப் பிடித்ததும் அதற்காகத்தான். போனில் சொல்லியிருந்தாள்: "அம்மாவுக்கு முகவாதம் வந்து வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சுங்க. அதுல இருந்து எந்த போட்டோவுலயும் நிக்கறதில்ல. கூப்பிட்டா வூட்டுக்குள்ள போயிருவாங்க. நீங்கதான் அவங்களுக்குத் தெரியாம எடுக்கணும்."

பார்க்கலாம் என்று வந்திருந்தேன். ஆனால் கல்யாண வீட்டில் போய் உட்கார்ந்ததுமே அந்த அம்மா, சரோஜா, காப்பியோடு வந்துவிட்டார். முந்தானையால் வாயை மறைத்திருந்தார்.

"பொண்ண எத்தன வேணா எடுங்க கண்ணு. என்னய மட்டும் வேண்டாங்க."

வாய்விட்டுச் சொன்ன பிறகு எப்படி எடுப்பது? "சரிங்கம்மா" என்றேன். கீர்த்தனாவிடமும் மறைக்கவில்லை. அவள் மருதாணிக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இந்த ஆல்பத்துலயும் அம்மா இல்ல" என்றாள்.



மாலை நலங்கு. சரோஜாம்மா குறுக்கே வரும்போதெல்லாம் கேமராவைத் தாழ்த்தினேன். அதை அவர் கவனித்திருக்கிறார். கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அப்படி என்னதான் எடுத்தீங்க, காட்டுங்க."

வேட்டி அவிழ்வது தெரியாமல் பந்தல்காரரிடம் சண்டை போடும் அவர் கணவர். வடையைப் பாதி கடித்தபடி கண்ணை மூடியிருக்கும் நாத்தனார். சரோஜாம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஐயோ, இவ வாயப் பாரேன்! ஆனா அப்படியே அவளேதான்."

வெள்ளிக்கிழமை காலை மண்டபத்தில் முகூர்த்தம். தாலி ஏறியதும் சரோஜாம்மா இரண்டு கையாலும் அட்சதையை அள்ளி வீசினார். முந்தானை நழுவியது. அழுகையும் சிரிப்புமாக அந்த முகம் முழுதாகத் தெரிந்தது. நான் கேமராவைக் கீழே இறக்கினேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார். மேளச் சத்தத்துக்கு மேல் கத்தினார்:

"எடு கண்ணு! எடு!"

எத்தனை எடுத்தேனோ தெரியாது.

பந்தி முடிந்ததும் வந்து அந்தப் படங்களைக் காட்டச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார்.

"கோணிக்கிட்டுத்தான் இருக்குது" என்றார். பிறகு, "பரவால்ல. எம்பொண்ணு கல்யாணத்துல நானும் இருக்கறேன்."

அத்தோடு விடவில்லை. "ஏ கீர்த்தி! மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வா. ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு பக்கமா நில்லுங்க."

அவரே நடுவில் நின்றார். கீர்த்தனா தேம்பத் தொடங்கவே, திரும்பி அதட்டினார்: "அழுவாத, போட்டோவுல அசிங்கமா வுழும்!"

நான் சிரித்துக்கொண்டே எடுத்தேன். அந்தக் கல்யாணத்தில் ஆட்களை நிற்க வைத்து எடுத்த படம் அது ஒன்றுதான்.

சாயங்காலம் மொரப்பூர் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் அந்தப் படங்களையே நினைத்துக்கொண்டு வந்தேன். ரயில் நிலையத்தில் இறங்கும்போது ஒரு அம்மா, "பின்னாடி சீட்டெல்லாம் காலியாக் கெடந்துதே, ஏங்க நின்னுக்கிட்டே வந்தீங்க?" என்று கேட்ட பிறகுதான் நான் நின்றுகொண்டு வந்ததே எனக்குத் தெரிந்தது.