வாலிகண்டபுரத்திலிருந்து வந்த கிறிஸ்துமஸ் போன்

கலைச்செல்வி அக்கா இன்று காலை போய்விட்டார். ஹார்ட் அட்டாக். ஐம்பது வயதுகூட ஆகவில்லை...

சென்னையில் நான் எஃப்எம் ஸ்டேஷனில் வேலை பார்த்த ஆறு வருடமும், கிறிஸ்துமஸ் காலை நேரலையில் மைக் முன்னால் அக்கா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.

"உங்க தெருவுல இன்னிக்கு என்ன நடக்குது?" என்று மட்டும்தான் கேட்பார். கேரல் ரவுண்ட்ஸ் போன குட்டியானை வண்டி, கிறிஸ்துமஸ் தாத்தாவை வேறு தெருவில் இறக்கிவிட்டு வந்த கதையை ராயபுரத்திலிருந்து ஒருவர் சொல்வார். "எட்டு வீட்டுக்கு ரோஸ் குக்கீஸ் குடுக்கணும், சீக்கிரம் பேசுங்க" என்று பெரம்பூர் அம்மா ஒருவர் அவசரப்படுத்துவார்.

அக்கா பிறந்தது வாலிகண்டபுரம். விவசாயக் குடும்பம். கிறிஸ்தவரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டதும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். அதன்பிறகு அக்கா ஊருக்கே போகவில்லை.

நானும் அந்தப் பக்கம்தான், பாடாலூர்க்காரன். "ஊருக்குப் போனா ரெண்டு கைப்பிடி மக்காச்சோளம் எடுத்துட்டு வாடா" என்பார். ஆபீஸில் வைக்கும் கிறிஸ்துமஸ் குடிலில் புல்லுக்குப் பதில் முளைக்கப் போடுவதற்கு.

ஒரு வருடம் ரொம்ப முன்னாலேயே போட்டுவிட்டோம். குடிலில் இருந்த மூன்று ராஜா பொம்மைகளும் சோளக்காட்டுக்குள் காணாமல் போனார்கள்... அக்கா சிரித்த சிரிப்பு!

நான் வேலையை விடுவதற்கு முந்தைய கிறிஸ்துமஸ். பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு கால்.

"வாலிகண்டபுரத்துலேர்ந்து பேசுறேன் தம்பி. போன்ல ஒங்க ப்ரோக்ராம்தான் கேட்டுட்டு இருக்கேன். பேரெல்லாம் வேணாம், லைன் குடுங்க." வயதான குரல்.

இன்டர்காமில் அக்காவிடம் ஊர்ப் பெயரை மட்டும் சொன்னேன். ஒரு நொடி என்னையே பார்த்தார். தலையசைத்தார்.

"வணக்கம் சார். யாருக்கு வாழ்த்து சொல்லணும்?"

"எம் பொண்ணுக்குங்க... அவ வூட்டுல இன்னிக்குப் பண்டிகை. சாப்புட்டாளான்னு கேக்கணும்."

ஐந்து நொடி மௌனம். ரேடியோவில் அது ரொம்பப் பெரிது. அடுத்த பாட்டின் பட்டன் மேல் என் விரல் இருந்தது. அழுத்தவில்லை.

"இன்னும் இல்லப்பா. ப்ரோக்ராம் முடிச்சுட்டு சாப்புடுறேன்."

"சரி. சாப்புட்டுட்டு போன் பண்ணு." வைத்துவிட்டார்.

அந்தப் பொங்கலுக்கு அக்கா, வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லோரும் வாலிகண்டபுரத்தில்தான். கரும்போடு நின்று போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார்.

நான் இப்போது பாடாலூரிலேயே இருக்கிறேன். செய்தி கேட்டதும் அக்காவின் அப்பாவுக்குப் போன் செய்தேன். "நானும் வரேன் தம்பி" என்றார். காரை எடுத்துக்கொண்டு சென்னைக்குக் கிளம்புகிறேன். வழியில் வாலிகண்டபுரத்தில் அவரை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

போயிட்டு வாங்கக்கா... அப்பாவ நான் கூட்டிட்டு வரேன்.